உடற்பயிற்சியின்போது முதியோர் மூச்சு விடவேண்டிய முறை

நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரைக் கைகளை ஊன்றாமல் எழுந்து நிற்கும்படி கூறிவிட்டு, அவரது முகத்தைக் கவனியுங்கள். உதடுகள் இறுகும், கன்னம் சற்றே உப்பும், எழுந்து நின்ற பின்னரே, அடக்கி வைத்த மூச்சு பெருமூச்சாக வெளிவரும். புறநோயாளிப் பிரிவுக்கு வரும் முதியோர் பலரிடம் இதை நான் நாள்தோறும் காண்கிறேன். மூச்சை அடக்கினோம் என்பதை அவர்களில் பெரும்பாலோர் உணர்வதே இல்லை.

எழுபது வயதைக் கடந்த ஒருவரை, நெற்றியில் சிறு காயத்துடன் அவருடைய மகள் ஒருமுறை அழைத்து வந்தார். முழங்கால் வலிக்காகக் கற்றுக்கொண்ட பயிற்சிகளை அவர் தவறாமல் செய்து வந்தவர். அன்று பயிற்சியை முடித்துவிட்டுத் தரையிலிருந்து எழும்போது கண் இருண்டு விழுந்துவிட்டார். "இந்த வயதில் உடற்பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளாது, டாக்டர்" என்பது அவரது முடிவு. ஆனால் எப்படி எழுந்தார் என்று செய்து காட்டச் சொன்னபோது காரணம் புலப்பட்டது. அவர் தம் கட்டி எழுந்தார். தவறு பயிற்சியில் இல்லை. மூச்சை அடக்கியதில் இருந்தது.

உடற்பயிற்சியின்போது எவ்வாறு மூச்சு விடவேண்டும், எவ்வளவு மூச்சிரைப்பு இயல்பானது, எந்த அறிகுறி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும் என்பனவற்றை முதியோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இக்கட்டுரை விளக்குகிறது.

வயது கூடும்போது மூச்சு மண்டலத்தில் நிகழும் மாற்றங்கள்

நாம் மூச்சு விடுவதற்கு முதன்மையாக உதவுவது, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானம் என்னும் தசை. அது கீழிறங்கும்போது நுரையீரல் விரிந்து காற்று உள்ளே நுழைகிறது. மேலெழும்போது காற்று வெளியேறுகிறது. வயது கூடும்போது இந்தத் தசையின் வலிமை குறைகிறது. விலா எலும்புகளை இணைக்கும் குருத்தெலும்புகள் இறுகுவதால் மார்புக்கூடு முன்போல் எளிதில் விரிவதில்லை. நுரையீரலின் மீள்தன்மையும் தளர்வதால் சிறிய மூச்சுக்குழல்கள் முன்னதாகவே மூடிக்கொள்கின்றன. எனவே காற்று முழுமையாக வெளியேறுவதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது.

இவை நோய்கள் அல்ல. முதுமையின் இயல்பான மாற்றங்கள். அமர்ந்திருக்கும்போது இவற்றின் தாக்கம் தெரிவதில்லை. படி ஏறும்போதும், எடை தூக்கும்போதும், வேகமாக நடக்கும்போதும்தான் தெரிகிறது. இளமையில் இருந்த கையிருப்பு குறைந்துவிட்டது என்பதே இதன் பொருள். மூச்சிரைக்கிறது என்று அஞ்சி நடப்பதை நிறுத்தினால் கால் தசைகள் மேலும் மெலியும். மெலிந்த தசைகள் அதே வேலைக்குக் கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கும். அதனால் அடுத்த மாதம் இன்னும் குறைந்த தூரத்திலேயே மூச்சிரைக்கும். இந்தச் சுழலிலிருந்து வெளிவருவதற்கு வழி ஓய்வு அன்று. சரியான மூச்சுடன் கூடிய அளவான பயிற்சியே.

மூச்சை அடக்கினால் உடலில் நிகழ்வது என்ன?

கனமான பொருளைத் தூக்கும்போது "தம் கட்டித் தூக்கு" என்று கூறுவது நம் வழக்கம். தம் கட்டும்போது தொண்டை மூடிக்கொள்ள, மார்புக்கும் வயிற்றுக்கும் உள்ளே அழுத்தம் திடீரென உயர்கிறது. 1704ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ மரியா வல்சால்வா இதனை ஒத்த செயலை விளக்கியதால், மருத்துவத்தில் இது வல்சால்வா செயல்முறை எனப்படுகிறது.

முதல் சில நொடிகளில் இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது. தொடர்ந்து அடக்கினால், மார்பினுள் கூடிய அழுத்தம் இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுப்பதால் இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. மூச்சை விட்டவுடன் அது ஒரு கணம் மேலும் தாழ்ந்து, பின்னர் மீண்டும் உயர்கிறது. இளைஞரின் உடல் இந்த ஏற்ற இறக்கங்களை விரைவில் ஈடுகட்டிவிடும். முதியோரிடம் இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் நரம்பு இயக்கம் மெதுவாகவே செயல்படுகிறது. இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோரிடம் இந்தத் தாழ்வு இன்னும் கூடுதலாக இருக்கக்கூடும். மூளைக்குச் செல்லும் இரத்தம் சில நொடிகள் குறைந்தாலே கண் இருளும், தலை சுற்றும், கால் தடுமாறும். எலும்பு தேய்ந்த வயதில் ஒருமுறை விழுவதே இடுப்பு எலும்பு முறிவுக்குப் போதுமானது.

ஆகவே உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வோருக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று இது. தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது, தாழ்வான கட்டிலிலிருந்து எழுவது, மலச்சிக்கலினால் கழிப்பறையில் முக்குவது ஆகிய எல்லாவற்றிலும் நாம் நம்மை அறியாமல் தம் கட்டுகிறோம்.

அடிப்படை விதி: முயற்சியின்போது மூச்சை வெளியே விடுங்கள்

நினைவில் கொள்ள வேண்டிய விதி ஒன்றே. உடல் முயற்சி செய்யும் வேளையில் மூச்சை வெளியே விட வேண்டும். தளரும் வேளையில் உள்ளே இழுக்க வேண்டும். எந்த வேளையிலும் அடக்கக் கூடாது. அன்றாடப் பயிற்சிகளில் இதனைப் பின்வருமாறு கடைப்பிடிக்கலாம்.

நாற்காலியிலிருந்து எழுதல்: நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதன் முன்பகுதியில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் நன்கு ஊன்றுங்கள். மூச்சை உள்ளே இழுத்தவாறு முன்னோக்கிச் சாயுங்கள். மூச்சை வெளியே விட்டவாறு எழுந்து நில்லுங்கள். நின்ற நிலையில் ஓரிரு முறை இயல்பாக மூச்சு விட்டபின், மூச்சை உள்ளே இழுத்தவாறு மெதுவாக அமருங்கள்.

சுவரைத் தள்ளுதல்: சுவருக்கு ஒரு கை நீளம் தள்ளி நின்று, இரு உள்ளங்கைகளையும் தோள் உயரத்தில் சுவரில் பதியுங்கள். முழங்கையை மடக்கிச் சுவரை நெருங்கும்போது மூச்சை இழுங்கள். தள்ளி விலகும்போது வெளியே விடுங்கள்.

குதிகாலை உயர்த்துதல்: உறுதியான மேசையையோ சன்னல் கம்பியையோ பற்றிக்கொள்ளுங்கள். குதிகாலை உயர்த்தும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள்.

எடை தூக்குதல்: அரை லிட்டர் தண்ணீர் புட்டியே தொடக்கத்துக்குப் போதும். தூக்கும்போது வெளிமூச்சு, இறக்கும்போது உள்மூச்சு.

தரையிலிருந்து எழுதல்: ஒரே மூச்சில் எழ முயல வேண்டாம். முதலில் பக்கவாட்டில் திரும்புங்கள், பின்னர் மண்டியிடுங்கள், அதன்பின் நாற்காலியைப் பற்றி எழுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெளிமூச்சு. எழுந்தவுடன் நடக்காமல் சற்று நின்று, தலைசுற்றல் இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே அடியெடுத்து வையுங்கள்.

எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்ற குழப்பம் தொடக்கத்தில் எழுவது இயல்பு. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. முயற்சி செய்யும்போது "ஒன்று, இரண்டு, மூன்று" என வாய்விட்டு எண்ணுங்கள். குரல் எழுந்துகொண்டிருக்கும்போது மூச்சை அடக்க இயலாது. காற்று தானாகவே வெளியேறும். மூன்று எண்ணி முடிப்பதற்குள் ஓர் அசைவை முடிக்க இயலவில்லை எனில், அந்தப் பயிற்சியோ எடையோ உங்களுக்குச் சற்று அதிகம் என்று கொள்ளலாம்.

கற்றுக்கொள்ள வேண்டிய இரு மூச்சு முறைகள்

முதலாவது, உதட்டைக் குவித்து மூச்சு விடுதல். தோள்களைத் தளர்த்தி, வாயை மூடி, மூக்கு வழியாக "ஒன்று, இரண்டு" என மனத்துள் எண்ணும் நேரம் மூச்சை இழுங்கள். பிறகு சூடான காப்பியை ஊதி ஆற்றுவதுபோல் உதடுகளைக் குவித்து, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். பலமாக ஊத வேண்டியதில்லை. குவித்த உதடுகளின் வழியே காற்று மெல்ல வெளியேறுவதால் மூச்சுக்குழல்களினுள் சிறிது அழுத்தம் நிலைத்திருக்கிறது. அவை முன்னதாக மூடிக்கொள்ளாமல் இருக்கின்றன. நுரையீரலில் தேங்கிய காற்று வெளியேறி, அடுத்த மூச்சுக்கு இடம் கிடைக்கிறது. படி ஏறும்போதும், நடந்து நின்றபின் மூச்சிரைப்பு தணிவதற்கும் இம்முறை மிகவும் உதவும்.

இரண்டாவது, வயிற்று மூச்சு. முதுகைச் சாய்த்து அமர்ந்தோ, முழங்காலை மடக்கிப் படுத்தோ, ஒரு கையை மார்பிலும் மற்றொரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுக்கும்போது வயிற்றின் மேலுள்ள கை உயர வேண்டும். மார்பின் மேலுள்ள கை பெரிதும் அசையக் கூடாது. குவித்த உதடுகள் வழியாக விடும்போது வயிறு உள்ளடங்க வேண்டும். இதனை ஓய்வு நேரத்தில் ஐந்து நிமிடங்கள் பழகுங்கள். பயிற்சியின் நடுவே கற்றுக்கொள்ள முயல வேண்டாம். கடுமையான நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் சிலருக்கு இம்முறை மூச்சு விடும் சிரமத்தைக் கூட்டக்கூடும். அவர்கள் மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலுடன் மட்டுமே இதனைப் பழக வேண்டும்.

நடைப்பயிற்சியிலும் படி ஏறுவதிலும்

நடக்கும்போது மூச்சை அடிகளோடு இணைத்துக்கொள்ளலாம். இரண்டு அடிகளுக்கு உள்மூச்சு, மூன்று அல்லது நான்கு அடிகளுக்கு வெளிமூச்சு என்பது பலருக்கும் பொருந்தும். கணக்கு முக்கியமன்று, வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருப்பதே முக்கியம். முதல் ஐந்து நிமிடங்கள் மெதுவாகவும், இறுதி ஐந்து நிமிடங்கள் மீண்டும் மெதுவாகவும் நடங்கள். திடீரென நின்றுவிடுவது தலைசுற்றலுக்கு வழிவகுக்கும்.

படி ஏறுமுன் கைப்பிடியைப் பற்றி, நின்றபடியே மூச்சை இழுங்கள். மூச்சை விட்டவாறு ஓரிரு படிகள் ஏறுங்கள். தேவையெனில் நின்று மூச்சை இழுத்து, மீண்டும் விட்டவாறு ஏறுங்கள். நின்று நின்று ஏறுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

எவ்வளவு மூச்சிரைப்பு இயல்பானது?

உடற்பயிற்சியின்போது மூச்சு சற்று வேகமாவது நல்ல அறிகுறியே. அளவை அறிவதற்குப் பேச்சுச் சோதனை போதும். பயிற்சியின்போது முழு வாக்கியத்தைப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை எனில், அது மிதமான அளவு, முதியோருக்கு ஏற்றது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் சில மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைத்து வைப்பதால், நாடியை எண்ணிப் பயிற்சியின் அளவைக் கணிப்பதைவிடப் பேச்சுச் சோதனையே நம்பத்தக்கது.

பயிற்சியை நிறுத்திய பின் சில நிமிடங்களில் மூச்சு இயல்புக்குத் திரும்ப வேண்டும். பத்து நிமிடங்களுக்குப் பின்னும் இரைப்பு தணியவில்லை எனில் அன்றைய அளவு மிகுதி, மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். அது தொடர்ந்து நிகழ்ந்தால் மருத்துவரை அணுகுங்கள்.

65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், குறைந்தது 2 நாட்கள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், 3 நாட்கள் சமநிலைப் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. இது அடைய வேண்டிய இலக்கு. முதல் நாளே எட்ட வேண்டியதன்று. பத்து நிமிட நடையும், ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழுவதும் நல்ல தொடக்கமே.

நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

உயர் இரத்த அழுத்தம்: ஓய்வில் அளவு 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரை அணுகுங்கள். மாத்திரையைப் பயிற்சிக்காக நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது.

ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும்: மருத்துவர் பரிந்துரைத்த இன்ஹேலரைப் பயிற்சியின்போது கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முன் பயன்படுத்த வேண்டுமா என்பதை அவரிடம் கேட்டறியுங்கள். புகை பிடித்தோருக்கு மட்டுமன்றி, விறகடுப்புப் புகையில் பல்லாண்டுகள் சமைத்த பெண்களுக்கும் அடைப்பு நோய் வருகிறது. "வயதானால் மூச்சு வாங்கத்தான் செய்யும்" எனத் தள்ளிவிடாமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இதய நோய்: மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, இதய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் எப்போது, எந்த அளவில் தொடங்கலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கண் அறுவைச் சிகிச்சை, குடலிறக்கம்: தம் கட்டுவதால் கண்ணிலும் வயிற்றிலும் அழுத்தம் உயரும். மருத்துவர் அனுமதிக்கும் வரை எடை தூக்க வேண்டாம்.

பொதுவான தவறுகள்

அதிகமாக இழுத்தால் அதிக ஆக்சிஜன் கிடைக்கும் எனக் கருதிச் சிலர் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுகின்றனர். இதனால் இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே குறைந்து, விரல் நுனிகளும் உதடும் மரத்துப்போதல், தலைசுற்றல் ஆகியவை ஏற்படும். அவ்வாறு உணர்ந்தால் அமர்ந்து, மூச்சை மெதுவாக்குங்கள்.

பிராணாயாமத்தில் மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும், வேகமாக மூச்சை வெளியேற்றும் கபாலபாதியும் உள்ளன. இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ள முதியோர் இவற்றை மருத்துவரின் ஆலோசனையின்றிச் செய்ய வேண்டாம். உடற்பயிற்சியோடு சேர்த்து ஒருபோதும் செய்யக் கூடாது.

வயிறு நிறைய உண்ட உடனே பயிற்சி செய்தால் உதரவிதானம் தாராளமாக இறங்க இயலாது. உணவுக்குப் பின் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ பெறுவோர் வெறும் வயிற்றிலும் பயிற்சி செய்ய வேண்டாம். குப்பை எரியும் இடம், வாகனப் புகை மிகுந்த சாலை, உச்சி வெயில் ஆகியவற்றைத் தவிருங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் வலி, இறுக்கம் அல்லது பாரம்; தாடை, தோள், கை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி
• ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல்
• கண் இருளுதல், மயக்கம், குளிர்ந்த வியர்வை
• படபடப்பு அல்லது சீரற்ற நாடித்துடிப்பு
• உதடும் நகமும் நீலம் பாரித்தல்
• முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சு குழறுதல்

முதியோருக்கும், குறிப்பாக நீரிழிவு உள்ளோருக்கும், மாரடைப்பு நெஞ்சுவலி இன்றி மூச்சுத்திணறலாக மட்டுமே வெளிப்படலாம். மேற்கண்டவற்றில் ஏதேனும் தோன்றினால் பயிற்சியை நிறுத்தி அமரச் செய்யுங்கள். ஓரிரு நிமிட ஓய்வில் முற்றிலும் தெளியும் இலேசான தலைசுற்றல் என்றாலும் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மற்றவற்றுக்குக் காத்திருக்காமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

பராமரிப்போருக்கு

முதியோரிடம் மூச்சுக் குறைவை உணரும் திறனும் மங்குவதால், அவர்கள் கூறும் முன்பே அவர்களது முகம் கூறிவிடும். பயிற்சியின்போது பின்னால் நிற்காமல், முகம் தெரியும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். உதடு இறுகுகிறதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா, தோள்கள் மேலேறுகின்றனவா எனப் பாருங்கள். அவ்வாறெனில் அவர் தம் கட்டுகிறார். "மூச்சை விடுங்கள்" என அதட்டுவதைவிட, "என்னோடு சேர்ந்து எண்ணுங்கள், அப்பா" எனக் கூறி நீங்களும் வாய்விட்டு எண்ணுவதே பயன் தரும். ஓய்வாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவது இயல்பு. அவர் அறியாதபோது எண்ணிக் குறித்து வைத்தால், மாற்றம் நேரும்போது மருத்துவரிடம் தெளிவாகக் கூற இயலும்.

முதியவரை எழுப்பும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். மூன்று எண்ணி, அவர் மூச்சை விடும் கணத்தில் அவருடைய முயற்சிக்குத் துணை நில்லுங்கள்.

வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவச் சேவை வீட்டிலேயே வழங்கப்படுகிறது. இதுகுறித்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

நிறைவாக

தொடக்கத்தில் குறிப்பிட்ட முதியவருக்கு நாங்கள் புதிய பயிற்சி எதையும் தரவில்லை. இரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்து பார்த்தோம். அவர் ஏற்கெனவே செய்துவந்த பயிற்சிகளையே, வாய்விட்டு எண்ணிச் செய்யப் பழக்கினோம். அடுத்த முறை வந்தபோது நாற்காலியிலிருந்து எண்ணியபடியே எழுந்து நின்று காட்டினார். இப்போது பேரனும் உடன் சேர்ந்து எண்ணுகிறான் என்று அவருடைய மகள் கூறினார்.

நாளைக் காலை கட்டிலிலிருந்து எழும்போது உங்கள் மூச்சை ஒருமுறை கவனியுங்கள். அடக்கியிருந்தால், மீண்டும் அமர்ந்து, மூன்று எண்ணியவாறு எழுங்கள். அதுவே உங்கள் முதல் பயிற்சி.

இக்கட்டுரை பொதுவான வழிகாட்டுதலுக்கு மட்டுமே. உங்களைப் பரிசோதித்த மருத்துவரின் அறிவுரைக்கு மாற்றாகாது.